நீர் நீங்கிய பழமும் நம் அடுக்களையும்



அயல்நாடுகளில் பணிபுரியும் நம் மக்கள் விடுமுறைக்கு ஊர் திரும்புகையில் கொண்டு வரும் பொருள்களுள், சில ஆண்டுகளாகப் புதியதொன்றும் இடம்பெற்று வருகிறது. முன்பெல்லாம் பெட்டியைத் திறந்தால் சாக்லெட்டும் சோப்பும் பாதாமும் பேரீச்சம்பழமும் இருக்கும். இன்று அவற்றோடு வெள்ளி நிறப் பை ஒன்றும் வெளிவருகிறது. கையில் எடுத்தால் பொரிப் பொட்டலத்தைப் போலக் கனமே இராது. உள்ளே செந்நிற ஸ்ட்ராபெரித் துண்டுகளோ, மஞ்சள் மாறாத மாம்பழக் கீற்றுகளோ இருக்கும். ஒன்றை எடுத்து வாயிலிட்டால் முதலில் மொறுமொறுவென நொறுங்கும். மறுகணமே கரைந்து, பழத்தின் இனிப்பும் புளிப்பும் நாவெங்கும் பரவும். அப்பளம் போல் தொடங்கிப் பழமாக முடியும் விந்தைப் பண்டம் இது. 'ஃப்ரீஸ் டிரைடு' பழம் என்று பையின்மேல் எழுதியிருப்பர். உறையவைத்து உலர்த்திய பழம் என்று நாம் தமிழில் கூறலாம். இப்போது நம் நாட்டிலும் இது செய்யப்பட்டு, நகரங்களின் பெரிய கடைகளில் விற்பனைக்கு வருகிறது.

வீடு சந்திக்கச் செல்லுமிடங்களில் இப்பையின் கதி இருவகையாக இருப்பதைக் கண்டிருக்கிறோம். சில வீடுகளில் 'நல்ல நாளுக்கு ஆகும்' என்று பாதி பிரித்து அலமாரியில் வைத்திருப்பர். நல்ல நாள் வரும்போது அது செருப்புத் தோல் போலாகியிருக்கும். வேறு சில வீடுகளில் பிள்ளைகள் மிக்சர் தின்பதுபோல் ஒரே மாலையில் தீர்த்துவிடுவர். அடுக்களையில் இதனால் ஆகக்கூடியது பல உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. எனவே இம்மாதம் இதைப்பற்றிச் சிறிது விரிவாக எழுதுகிறோம். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்ற நமக்குக் கேக்கைப் பற்றி எழுத என்ன தகுதி என்று சில அன்னையர் நகைக்கக்கூடும். சமையற்காரர் விடுப்பில் சென்றால் பங்கு இல்லத்தில் அடுப்பு மூட்டுவது யார் என்பதை அவர்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும்.

முதலில், இப்பழம் எவ்வாறு உருவாகிறது?

நாம் அறிந்த வற்றல்களெல்லாம் வெயிலிலோ அனலிலோ நீரை இழந்தவை. உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், மாங்காய் வற்றல் ஆகியவற்றில் நீர் மெல்ல வெளியேற வெளியேறப் பழத்தின் சதை சுருங்கி இறுகுகிறது, நிறம் கருக்கிறது, மணத்தில் ஒரு பகுதி நீராவியோடு போய்விடுகிறது. உறையவைத்து உலர்த்தும் முறையில் நடப்பது வேறு. பழத்தை முதலில் கல்லாக உறையவைப்பர். பின்னர் அதனைக் காற்றை உறிஞ்சி நீக்கிய கலத்தினுள் வைப்பர். நாம் வாழும் இடத்தில் காற்றின் அழுத்தம் பாதரசக் கணக்கில் 760 மில்லிமீட்டர். அதை நாலரை மில்லிமீட்டருக்கும் கீழே குறைத்துவிட்டால், பனிக்கட்டி நீராக உருகாமலே நேராக ஆவியாகிவிடும். பள்ளியில் இதற்குப் பதங்கமாதல் என்று பெயர் சொல்லிக் கொடுத்திருப்பர். துணி அலமாரியில் வைத்த அந்துருண்டை நனையாமலும் ஒழுகாமலும் நாளுக்கு நாள் சிறுத்துப் போவது இதனால்தான். குளிர்பதனப் பெட்டியில் பல வாரங்கள் எடுக்காமல் விட்ட பனிக்கட்டித் துண்டுகள் தட்டிலேயே சிறுத்துக் கிடப்பதும் இதே செயலால்தான்.

பனிக்கட்டி இருந்த இடமெல்லாம் நுண்ணிய வெற்று அறைகளாக நிற்க, பழத்தின் உருவம் மட்டும் அப்படியே எஞ்சுகிறது. ஆகவேதான் அது சுருங்குவதில்லை; பஞ்சுபோல் கனமற்று நிற்கிறது. மிகுந்த வெப்பம் படாமையால் நிறமும் மணமும் வைட்டமின் சி சத்தும் வெயிலில் காய்ந்த பழத்தைவிட நன்கு நிலைக்கின்றன.

இம்முறை முற்றிலும் புதியதன்று. பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலைமேடுகளில் வாழும் மக்கள் உருளைக்கிழங்கை இரவின் கடும்பனியில் உறையவைத்து, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்திச் 'சுன்யோ' என்னும் பண்டமாக்கி ஆண்டுக்கணக்கில் சேமிக்கும் வழக்கத்தைப் பன்னூறு ஆண்டுகளாகக் கொண்டுள்ளனர். பாரிஸ் மாநகரில் ஆர்சன்வால், போர்தா என்னும் இரு அறிவியலார் 1906-ஆம் ஆண்டில் இதனை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினர். இரண்டாம் உலகப் போரின்போது காயமுற்ற வீரர்களுக்கு வேண்டிய இரத்தத்தின் பிளாஸ்மா நீர்மமும், பென்சிலின் மருந்தும் இவ்வாறே உலர்த்திப் பாதுகாக்கப்பட்டன. சந்திரனுக்குச் சென்ற அப்போலோ வீரர்கள் உண்ட உணவிலும் இத்தகையது இருந்தது. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி மருந்தையும், தட்டம்மைத் தடுப்பூசி மருந்தையும் செவிலியர் எவ்வாறு எடுக்கிறார் என்பதை அன்னையர் கண்டிருப்பீர்கள். ஒரு சிறு குப்பியில் வெண்ணிறப் பொடி இருக்கும். வேறொரு குப்பியிலிருந்து நீர்மத்தை எடுத்து அதில் கலந்த பின்னரே ஊசி போடுவார். அப்பொடியும் உறையவைத்து உலர்த்தியதே. கைக்குழந்தையின் தோளிலும் நம் வீட்டுக் கேக்கிலும் ஒரே தொழில்நுட்பம் வந்து சேர்ந்திருப்பது வியப்பன்றோ!

நாம் இதை முதன்முதலாகக் கண்டது ஜெர்மனி நாட்டில். கோடை விடுமுறையில் செல்லும் அந்நாட்டுக் குருக்களுக்கு மாற்றாகப் பணியாற்ற ஒரு கிராமப் பங்கிற்குச் சென்றிருந்தோம். காலை உணவாக ஓட்ஸ் கலவையை வைத்தனர். அதனிடையே சிவப்புச் சில்லுகள் தெரிந்தன. பாலை ஊற்றிய சில நிமிடங்களில் அச்சில்லுகள் ஊறி மென்மையாகிப் பாலும் இளஞ்சிவப்பாயிற்று. வண்ணப் பொடி கலந்திருப்பார்கள் போலும் என்று எண்ணினோம். சுவைத்த பின்னரே பழமெனத் தெளிந்தோம். இட்டலிக்கு ஏங்கிய நமக்கு அந்த ஓட்ஸ் அத்துணை உவப்பாய் இருந்ததில்லை என்பது வேறு செய்தி.

இனி அடுக்களைக்கு வருவோம். இப்பழத்தைக் கையாளும் இல்லத்தரசிகள் ஓர் உண்மையை மறவாதிருந்தால் போதும்: இது நீர் நீங்கிய பழம், நீர் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து அதை உறிஞ்சிக்கொள்ளவே காத்திருக்கிறது. ஸ்ட்ராபெரியில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. ஆகவே 100 கிராம் புதுப்பழத்திலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 10 கிராம் உலர்பழம். மாம்பழமானால் 17 கிராம் அளவும், வாழைப்பழமானால் 25 கிராம் அளவும் மிஞ்சும்.

இக்கணக்கைச் சர்க்கரை நோயுள்ளவர்கள் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். நம் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 'காற்றைத் தின்பது போலிருக்கிறது, இதில் என்ன இருக்கப் போகிறது?' என்று மகன் அனுப்பிய 50 கிராம் மாம்பழப் பொட்டலத்தை வானொலிச் செய்தி முடிவதற்குள் முடித்துவிட்டார். அது ஏறக்குறைய 300 கிராம் மாம்பழச் சதைக்குச் சமம். ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரை அதில் அடங்கும். நீர்தான் போயிற்றே தவிரச் சர்க்கரை போகவில்லை. அன்று மாலை அவர் துணைவியார் இரத்தச் சோதனைக் கருவியை எடுத்து வந்து அவர் முன் வைத்தபோது, ஆசிரியரே மாணவர்போல் விரலை நீட்டினார்.

சமையலில் இதனைத் துண்டாகப் பயன்படுத்துவதைவிடப் பொடியாகப் பயன்படுத்துவதே பெரும்பாலும் சிறந்தது. மிக்ஸியின் சிறிய பாத்திரத்தைத் துடைத்து வெயிலில் சிறிது நேரம் காயவைத்து, பழத்தோடு ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் சேர்த்து விட்டுவிட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் பாத்திரம் சூடேறிப் பொடி ஒட்டிக்கொள்ளும். பின்னர் நைசான சல்லடையில் சலித்தால் ஸ்ட்ராபெரியின் விதைகள் மேலே தங்கிவிடும்.

இப்பொடி தன் முழு அருமையையும் காட்டுவது கேக்கின்மேல் பூசும் வெண்ணெய்க் கலவையில்தான். புதுப்பழத்தை மசித்து வெண்ணெயில் சேர்க்க முயன்றவர்கள் அறிவர். நான்கு கரண்டிக்கு மேல் போனால் வெண்ணெயும் நீரும் பிரிந்து திரிந்துபோகும். நான்கு கரண்டியிலோ பழத்தின் சுவையே தெரியாது. ஆனால் 100 கிராம் வெண்ணெய், 200 கிராம் பொடித்த சர்க்கரை ஆகியவற்றோடு 10 அல்லது 12 கிராம் ஸ்ட்ராபெரிப் பொடியைச் சேர்த்தால், 100 கிராமுக்கு மேற்பட்ட பழத்தின் சுவை ஒரு துளி நீரும் இன்றி அதில் இறங்கிவிடுகிறது. அடித்த பாலேட்டில் சேர்த்தாலும் நன்றே. பாலேட்டிலுள்ள நீரை அது சிறிது உறிஞ்சிக்கொள்வதால் பாலேடு தளராமல் நிற்கும். வெப்பநாட்டில் இதுவும் ஓர் உதவிதானே.

கேக் மாவினுள் சேர்ப்பதானால் 250 கிராம் மைதாவிற்கு 25 கிராம் பொடி போதுமானது. அப்போது பால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி கூடுதலாக ஊற்ற வேண்டும். இல்லையேல் பொடி மாவின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கேக் வறண்டுவிடும். நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். ஸ்ட்ராபெரியின் சிவப்பு, செம்பருத்திப் பூவின் சாற்றைப் போல் புளிப்பில் சிவந்தும் சோடா உப்பில் மங்கி நீலம் பாய்ந்தும் காட்டும் இயல்புடையது. சோடா உப்பு மிகுந்த மாவில் இட்டால் கேக் சாம்பல் நிறம் கொண்டு, பிள்ளைகள் கேள்வி கேட்பர். பேக்கிங் பவுடரை அளவாகப் போட்டு, அரைக் கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் நிறம் ஓரளவு தங்கும். மாம்பழத்திற்கு இத்தொல்லை இல்லை. அதன் மஞ்சள் வேறு வகைப்பட்டது, சோடா உப்புக்கு எளிதில் மாறாது. துண்டுகளைக் கேக்கின் மேற்புறத்தில் தூவி ஓவனில் வைப்பது வீண். நீரற்ற பொருளாதலால் விரைவில் கருகிவிடும். கேக் வெந்து ஆறிய பின் தூவுவதே முறை.

பாயசத்தில் இடுவோர், பால் கைபொறுக்கும் சூட்டிற்கு ஆறிய பிறகே இட வேண்டும். கொதிக்கும் பாலில் புளிப்புப் பழம் எதுவானாலும் திரித்துவிடும். அன்னாசிப்பழத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அதிலுள்ள புரதத்தைச் சிதைக்கும் நொதி உறையவைத்து உலர்த்துவதால் அழிவதில்லை. எனவே ஜெலட்டின் கொண்டு செய்யும் ஜெல்லியில் உலர்ந்த அன்னாசியை இட்டால் எத்துணை நேரம் குளிரவைத்தாலும் அது இறுகாது. நம் கடற்கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்து செய்யப்படும் சைனா கிராஸ் என்பதற்கோ இக்குறை இல்லை, அது புரதமன்று. பெருவிருந்தில் ஜெல்லி செய்து, மறுநாளும் அதைக் குடிக்க நேர்ந்த ஒரு கன்னியர் மடத்துச் சமையலறையில் இதனை விளக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

இவ்வளவும் ஒருபுறமிருக்க, இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியவர் நம் பங்கின் சகோதரி ஒருவர். கணவர் விசைப்படகில் தொழிலுக்குச் சென்றுவந்தவர். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளாக வீட்டோடு இருக்கிறார். மூத்த மகள் செவிலியர் கல்லூரியில் பயில்கிறாள். இச்சகோதரி தாம் தாய்வீட்டில் கற்ற கேக்கையும் மக்ரூனையும் செய்து விற்று வீட்டை நடத்துகிறார். புதுநன்மை நாளுக்கும் பிறந்த நாளுக்கும் அவரிடம் கேக்குச் சொல்லி வைப்போர் பலர். எல்லாரையும் போலவே அவரும் ஸ்ட்ராபெரிக் கேக்கில் எசென்சு சில துளியும் சிவப்பு நிறமும் இட்டு வந்தார். அவ்வளவு செலவுதான், சில ரூபாய்களில் முடிந்துவிடும்.

ஒருநாள் ஒரு சிறுமி அவரிடம், "அத்தை, இதுல ஸ்ட்ராபெரி எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். அவர் அதைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வந்தார். "சாமி, அதுல பழமே கிடையாது. பேரை மட்டும் வச்சு விக்கிறது தப்புதானே?" என்றார்.

நாம் உடனே விடை கூறிவிடவில்லை. கேக்கு உலகில் இவ்வழக்கம் எங்கும் நிறைந்திருக்கிறது. கேக்கில் வண்ண வண்ணமாய் மின்னும் டூட்டி ஃப்ரூட்டி பெரும்பாலும் சர்க்கரையில் ஊறிய பப்பாளிக்காய். உச்சியில் அமர்ந்திருக்கும் செர்ரி பல வேளைகளில் சாயமிட்ட களாக்காய். களாக்காய் நல்ல காய்தான். அதற்கு அயலார் பெயரைச் சூட்டுவானேன் என்பதே நம் வருத்தம். பொட்டலத்தில் விற்கும் உணவில் மணச்சத்து சேர்த்திருந்தால் அதனை மேலே அச்சிட வேண்டுமென நம் நாட்டுச் சட்டம் கூறுகிறது. வீட்டில் செய்யும் கேக்கிற்கு அட்டைப்பெட்டி உண்டு, அச்சிட்ட விவரம் இல்லை. "எசென்சு போடுவது பாவமில்லை அம்மா, வாங்குகிறவருக்கு அது எசென்சு என்று தெரிந்திருந்தால் சரி" என்றோம். அவர் தலையசைத்தார், ஆனால் முகம் தெளியவில்லை. எசென்சு என்று வாயால் சொன்னால் வாங்குவோர் வேறு கடைக்குப் போய்விடுவர் என்பதும், பெரிய மகளின் கல்லூரிக் கட்டணம் அடுத்த மாதம் கட்டியாக வேண்டும் என்பதும் நாம் அறியாததன்று.

கேக்கில் உண்மையாகவே பழத்தைச் சேர்த்துவிட்டால்? நம் கடற்கரை ஊர்களில் புதிய ஸ்ட்ராபெரி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் பாதி நசுங்கியிருக்கும். அப்போதுதான் குவைத்தில் செவிலியராக உள்ள அவருடைய தங்கை இந்த உலர்பழப் பை ஒன்றை அனுப்பினார். அதில் செய்த பூச்சு நன்றாக அமைந்தது. அடுத்த பொட்டலத்தைத் தாமே வாங்கச் சென்ற சகோதரி விலையைக் கேட்டு மலைத்துப் போனார். அவர் வாங்கிய 50 கிராம் பொட்டலத்தின் விலையில் ஒரு கிலோ கோழிக்கறி வாங்கிச் சில்லறையும் மிஞ்சியிருக்கும்.

விலை ஏன் இவ்வளவு? ஒரு கிலோ உலர் ஸ்ட்ராபெரிக்குப் பத்துக் கிலோ புதுப்பழம் வேண்டும் என்பது முதற்காரணம். உறையவைக்கவும், காற்றை உறிஞ்சவும், ஆவியை மீண்டும் பனியாகப் பிடிக்கவும் ஒரு நாளுக்குக் குறையாமல் இயந்திரம் ஓடவேண்டும் என்பது மற்றொன்று. வீட்டிலேயே வைத்துக்கொள்ளத்தக்க சிறு இயந்திரங்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துள்ளன. ஒரு தடவை பழம் வைத்தால் 20 முதல் 40 மணி நேரம் வரை ஓடும். நம் ஊர் மின்தடையில் அது எத்தனை முறை பாதியில் நிற்கும் என்பதை எண்ணினால் அந்த ஆசை தானே அடங்கும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இதனைச் செய்ய இயலுமா என்று இளைஞர் ஒருவர் வினவினார். வெற்றிடம் இன்றி இயலாது. உறைந்த பழம் அங்கே மாதக்கணக்கில் கிடந்தாலும் ஓரங்கள் மட்டும் உலர்ந்து சுவை கெடுமே தவிர வேறொன்றும் நடவாது.

சகோதரி கணக்குப் போட்டார். கேக் மாவிலும் பூச்சிலும் இரண்டிலும் பொடியிட்டால் கட்டுப்படியாகாது. வெப்பத்தில் ஸ்ட்ராபெரியின் மணம் வெகுவாகக் குறைவதால் மாவில் இடும் பொடியின் பெரும்பகுதி வீணே. எனவே கேக்கை வெறும் வெண்ணெய்க் கேக்காகவே சுட்டு, பூச்சில் மட்டும் 15 கிராம் பொடி சேர்த்தார். ஒரு பொட்டலத்தில் ஒரு கிலோ கேக்குகள் மூன்று ஆயின. நாவில் முதலில் படுவது பூச்சே ஆதலால் சுவை குறைந்ததென எவரும் கூறவில்லை. விதை சலிக்கும் பணியைக் கணவர் ஏற்றுக்கொண்டார். வலை பின்னிய அந்த விரல்களுக்குச் சல்லடை எம்மாத்திரம்!

ஆயினும் இப்பண்டம் தன் உண்மையான இடத்தைக் கண்டது கேக்கில் அன்று, மக்ரூனில்தான் என்பது நமது கருத்து. தூத்துக்குடி மக்ரூன் பற்றி வாசகர்க்குக் கூற வேண்டியதில்லை. போர்த்துகீசியர் காலத்து எச்சம் என்று அதனைச் சொல்வர். முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு, இம்மூன்றே அதன் பொருள்கள். வெண்கருவை நுரைக்க அடித்து அந்நுரையின் பலத்தில் நிற்பது அது. அதில் ஒரு கரண்டி பழச்சாறு விழுந்தாலும் நுரை இளகி, கூம்பு தட்டில் படுத்துவிடும். ஆகையால்தான் இத்தனை தலைமுறைகளாக மக்ரூனில் பழம் என்ற பேச்சே எழவில்லை. நீரில்லாத பழமோ இங்கே தடையின்றி நுழைகிறது. சகோதரி கையாளும் அளவு இது: இரண்டு முட்டைகளின் வெண்கரு, பொடித்த சர்க்கரை 125 கிராம், ஒன்றிரண்டாய்ப் பொடித்த முந்திரி 125 கிராம், மாம்பழப் பொடி 10 கிராம். நுரையும் சர்க்கரையும் பளபளத்து நிற்கும் பதம் வந்த பின், முந்திரியையும் பழப்பொடியையும் ஒன்றாகக் கலந்து, கரண்டியால் அடியிலிருந்து மேலாக மெல்லப் புரட்ட வேண்டும். கூம்பாகப் பிழிந்து 100 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரத்திற்கு மேல் வைத்து, ஓவனை அணைத்த பின்னும் உள்ளேயே ஆறவிட வேண்டும். மாம்பழத்தின் மஞ்சள் அப்படியே நின்றது. ஸ்ட்ராபெரியோ நெடுநேர வெப்பத்தில் வெளிறிய செங்கல் நிறமாயிற்று; சுவையில் குறையில்லை, பார்வைக்குத்தான் அழகில்லை. அதனால் அவர் மாம்பழத்தோடு நின்றுகொண்டார். மாம்பழப் பொடி விலையிலும் சற்றுக் குறைவு.

மக்ரூனுக்கும் உலர்பழத்திற்கும் பகை ஒன்றே, ஈரக்காற்று. நம் பகுதியில் கேக்கு வேலை மிகுவது கிறிஸ்துமசுக்கு முந்திய வாரங்களில்; வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். கடற்காற்றும் மழையும் சேர்ந்த அந்நாள்களில் திறந்து வைத்த பழம் கால் மணி நேரத்திலேயே மென்மையாகத் தொடங்கிவிடும். பையைத் திறந்தால் வேண்டியதை எடுத்து உடனே மூடி, கிளிப் மாட்டி, மூடி இறுக்கமான கண்ணாடிப் புட்டியில் இட வேண்டும். உள்ளேயிருக்கும் சிறு சிலிக்காப் பொட்டலத்தை எறிந்துவிடலாகாது. சிறு பிள்ளைகள் வாயில் வைக்கவும் விடலாகாது. பிரித்த பையைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் தவறு. வெளியே எடுத்ததும் அதன்மேல் நீர் வியர்க்கும். ஒருமுறை மென்மையான பழத்தை மீண்டும் மொறுமொறுப்பாக்க ஓவனில் இட்டுப் பயனில்லை. அதைப் பாயசத்திலோ, பாலில் அடித்தோ அன்றே தீர்த்துவிடலாம். நீர் சேர்ந்த பின் அது புதுப்பழம் போன்றதே. உறையவைத்து உலர்த்துதல் கிருமிகளை உறங்கச் செய்கிறதே அன்றிக் கொல்வதில்லை.

கிறிஸ்துமஸ் கேக்கிற்காக ரம்மிலோ பழச்சாற்றிலோ வாரக்கணக்கில் ஊறவைக்கும் பழங்களோடு இதைச் சேர்க்கலாமா எனச் சிலர் கேட்டனர். வேண்டாம். அங்கே வேண்டுவது ஊறியும் குலையாத, மெல்லுதற்கு இசைந்த சதை. கருப்புத் திராட்சையும் பேரீச்சையும் அத்தியும் அதற்கென்றே பிறந்தவை போன்றவை. விலையும் நம் கைக்கு எட்டும். உலர் ஸ்ட்ராபெரி அவற்றோடு ஒரு நாள் ஊறினால் கூழாகி உருத்தெரியாமற் போகும். அயல்நாட்டிலிருந்து வந்தது என்பதற்காக அதை எல்லாப் பாத்திரத்திலும் போட்டாக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

இப்போது அச்சகோதரியின் குறிப்பேட்டில் ஸ்ட்ராபெரிக்கு இரண்டு வரிகள் உள்ளன. 'ஸ்ட்ராபெரிப் பழக் கேக்' என்று ஒன்று. 'ஸ்ட்ராபெரி எசென்ஸ் கேக்' என்று மற்றொன்று. விலை இரண்டிற்கும் வேறு. கேட்டு வருவோரிடம் இரண்டையும் படித்துக் காட்டுகிறார். ஐந்து பேரில் நால்வர் இரண்டாவதையே வாங்குகின்றனர் என்றும், அவர்களில் எவரும் இதுவரை முகம் சுளிக்கவில்லை என்றும் சிரித்தபடி கூறினார். வேறு கடைக்குப் போனவர் இருவர். கல்லூரிக் கட்டணத்திற்கு உதவியது பழக் கேக்கு அன்று, மாம்பழ மக்ரூன். வளைகுடா நாடுகளுக்குத் திரும்புவோர் பெட்டியில் வைத்துக்கொள்ள அதனைக் கிலோக் கணக்கில் கேட்கின்றனராம். வெள்ளிப் பையில் வந்த பழம் மக்ரூனாகித் திரும்பவும் விமானம் ஏறுகிறது.

சென்ற வாரம் நாம் அவ்வில்லத்திற்குச் சென்றபோது பலாப்பழப் பொடி கொண்டு செய்த முதல் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. வாசலிலேயே மணம் தெரிந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த கணவர் ஒன்றை உடைத்து வாயிலிட்டுச் சிறிது நேரம் பேசாமலிருந்தார். "முந்திரிய பலா அமுக்கிட்டு. பாதி போதும்" என்றார். சகோதரி குறிப்பேட்டை எடுத்து, 10 என்பதை அடித்துவிட்டு 5 என்று எழுதினார்.